நடு வானத்தில் அணைந்துபோன நட்சத்திரம்: என்ன அது?

களத்துமேடு | வெள்ளி, இரவு 9:20

எல்லோருக்கும் வணக்கம். ஒரத்தநாடு பக்கம் ஒரு கிராமம் என்னுடையது. இன்று மாடியில் அப்பாவோடு உட்கார்ந்திருந்தபோது ஒன்றைப் பார்த்தேன். அது என்னவென்று தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வராது, அதனால் கேட்கிறேன்.

மேற்கில், கொஞ்சம் தெற்கே தள்ளி, ஒரு நட்சத்திரம் நகர்ந்து வந்தது. விமானம் இல்லை. விளக்கு எதுவும் விட்டுவிட்டு எரியவில்லை, சத்தமும் இல்லை. ஒரே சீராக ஏறி வந்தது. தலைக்கு மேல் வந்ததும் நான்கைந்து நொடியில் மங்கி, அப்படியே இல்லாமல் போய்விட்டது. மேகம் துளிகூட இல்லை. மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்குமே, அதற்கு வடக்கே சிவப்பாக ஒன்று இருக்கும். அதன் பக்கத்தில்தான் மறைந்தது. உடனே போனில் மணி பார்த்தேன், 7:47.

அப்பா, "நான் சின்னப் பிள்ளையில களத்துல படுத்திருக்கும்போதே இந்த மாதிரி பார்த்திருக்கேன், யாரும் நம்பல" என்கிறார். அவருக்கு இப்போது எழுபதுக்கு மேல். அவர் சிறுவனாக இருந்தபோது செயற்கைக்கோள் எல்லாம் இருந்ததா?


மாடிவானம் | வெள்ளி, இரவு 9:41

சர்வதேச விண்வெளி நிலையம்தான், சந்தேகமே வேண்டாம். பள்ளிக்கரணையில் எங்கள் மொட்டைமாடியில் இருந்து பலமுறை பார்த்திருக்கிறேன். சத்தமில்லாமல் வரும், சீராக எரியும், பாதி வானத்தில் மறையும். நீங்கள் சொன்ன எல்லாம் பொருந்துகிறது.


அடிவானம் | வெள்ளி, இரவு 10:32

பொறுங்கள், அதற்குள் முடிவு கட்ட வேண்டாம். களத்துமேடு, இரண்டு கேள்விகள்.

ஒன்று, எவ்வளவு பிரகாசம்? அந்த நேரத்தில் கிழக்குப் பக்கமாக உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்த பளிச்சென்ற வெள்ளைப் புள்ளி வியாழன். அதோடு ஒப்பிட்டால் எப்படி? வரிசையாக நிற்கும் அந்த மூன்று நட்சத்திரங்களோடு ஒப்பிட்டால் எப்படி?

இரண்டு, எந்தத் திசையை நோக்கிப் போனது? வடகிழக்கு என்றால் போதாது. கிழக்குப் பக்கம் அதிகம் சாய்ந்ததா, வடக்குப் பக்கமா? வீட்டுச் சுவர் எந்தத் திசை பார்த்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், அதை வைத்துச் சொல்லுங்கள்.


களத்துமேடு | வெள்ளி, இரவு 10:50

வியாழனுக்குக் கிட்டேகூட வராது. அந்த மூன்று நட்சத்திரம் அளவுக்கு இருந்தது, அவ்வளவுதான். சிவப்பு நட்சத்திரத்தைவிட மங்கல்.

எங்கள் வீடு கிழக்கு பார்த்த வீடு. அது மாடிச் சுவரை ஒட்டி, மேற்கிலிருந்து கிழக்காகத்தான் பெரும்பாலும் வந்தது. வடக்கே கொஞ்சம்தான் சாய்ந்தது. மூலைக்கு மூலை குறுக்காகப் போகவில்லை, அது நிச்சயம்.


அடிவானம் | சனி, காலை 6:15

அப்படியென்றால் நீங்கள் பார்த்தது ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி. ராத்திரியே கடந்துபோன நேரங்களின் கணக்கை எடுத்துப் பார்த்தேன், உங்கள் ஊருக்கு 7:47க்குப் பொருந்துகிறது. ஆனால் கணக்கைப் பார்க்காமலேயே இதைக் கண்டுபிடித்திருக்கலாம். எப்படி என்று சொல்கிறேன், ஏனென்றால் அடுத்த முறை நீங்களே சொல்லிவிடலாம்.

முதலில் அது ஏன் அணைந்தது என்பது. எந்தச் செயற்கைக்கோளும் நமக்கு விளக்குப் போட்டுக் காட்டுவதில்லை. அதன் மேல் படும் வெயிலைத்தான் பார்க்கிறோம். சாயங்காலம் தெருவில் இருட்டிவிட்ட பிறகும் கோபுரக் கலசத்தில் வெயில் நிற்கும் இல்லையா, அதேதான். உயரம் கூடக் கூட வெயில் அதிக நேரம் நிற்கும். தெளிவான நாளில் சூரியன் மறைந்ததும் கிழக்கே திரும்பிப் பாருங்கள். அடிவானத்தில் கருநீலமாக ஒரு பட்டை எழும், அதற்கு மேல் இளஞ்சிவப்பு. அந்தக் கருநீலம் பூமியின் நிழல். நேரம் ஆக ஆக அது கிழக்கிலிருந்து மேலேறி வானம் முழுவதையும் மூடும். செயற்கைக்கோள் அந்த நிழலுக்குள் நுழைந்ததும் அணைந்துவிடும். கடைசி நொடிகளில் பைனாகுலரில் பார்த்தால் சிவந்து மறைவது தெரியும், அப்போது அதன் மேல் படுவது சூரிய அஸ்தமன வெளிச்சம்.

இப்போது கணக்கு. உங்கள் ஊரில் நேற்று சூரியன் மறைந்தது சுமார் 6:22. விண்வெளி நிலையம் 400 கிலோமீட்டருக்குச் சற்று மேலே சுற்றுகிறது. அந்த உயரத்தில் தலைக்கு நேர் மேலே வெயில் நிற்பது அஸ்தமனத்துக்குப் பிறகு ஏறக்குறைய 80 நிமிடம் வரைதான். 7:47 என்றால் 85 நிமிடம் ஆகிவிட்டது. நிலையமாக இருந்திருந்தால் உச்சிக்கு வருவதற்குள்ளேயே அணைந்திருக்கும். ஹப்பிள் 500 கிலோமீட்டருக்குப் பக்கம், அதனால் உச்சிவரை வந்துவிட்டது. நீங்கள் சொன்ன சிவப்பு நட்சத்திரம் திருவாதிரை. மாசி மாதம் அந்த நேரத்தில் அது தஞ்சாவூர்ப் பக்கத்துக்கு ஏறக்குறைய உச்சியில்தான் நிற்கும்.

அடுத்தது திசை. இதுதான் எனக்குப் பெரிய சாட்சி. விண்வெளி நிலையத்தின் பாதை பூமத்திய ரேகைக்கு 51.6 டிகிரி சாய்ந்தது. அதனால் நம் ஊரில் அது குறுக்காகப் போகும், தென்மேற்கிலிருந்து வடகிழக்காக, அல்லது வடமேற்கிலிருந்து தென்கிழக்காக. ஹப்பிளின் சாய்வு 28.5 டிகிரிதான். அது மேற்கிலிருந்து கிழக்காகக் கொஞ்சம்தான் சாய்ந்து போகும். சீனாவின் தியாங்கோங் நிலையம் 41.5 டிகிரி, இரண்டுக்கும் நடுவில். மூன்றையும் பார்த்துப் பழகியவருக்குப் பாதையைப் பார்த்தாலே போதும்.

கடைசியாகப் பிரகாசம். இதை அளக்க ஒளிப்பருமன் என்று ஓர் எண் வைத்திருக்கிறார்கள். எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும். ஊருக்கு வெளியே நல்ல இருட்டில் கண்ணுக்கு எட்டும் கடைசி நட்சத்திரங்கள் 6. அந்த மூன்று நட்சத்திரங்கள் 2க்குப் பக்கம். விண்வெளி நிலையம் நன்றாக மேலே வரும்போது −3, −4 வரை போகும், அதாவது வியாழனைத் தோற்கடிக்கும். 109 மீட்டர் அகலம், 400 டன்னுக்கு மேல் எடை, பெரிய பெரிய சூரியத் தகடுகள். ஹப்பிள் 13 மீட்டர் நீளம்தான். உங்கள் கண் சரியாகத்தான் அளந்திருக்கிறது.

1990 ஏப்ரலில் மேலே போனது அது. நாம் புத்தகத்தில் பார்த்து வளர்ந்த பல விண்மீன் மண்டலப் படங்களை எடுத்தது நேற்று உங்கள் மாடிக்கு மேல் போயிருக்கிறது. எனக்கு இது ஒவ்வொரு முறையும் சிலிர்ப்பாக இருக்கிறது.


மாடிவானம் | சனி, காலை 7:02

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. இத்தனை வருடம் நகர்வதையெல்லாம் விண்வெளி நிலையம் என்றே நினைத்திருக்கிறேன். அதில் எத்தனை ஹப்பிளோ. திசையைக் கவனிக்கவே தோன்றவில்லை.


தேம்ஸ்கரை | சனி, மதியம் 1:30

லண்டனில் இருந்து எழுதுகிறேன். இதைப் படிக்கும்போது பொறாமையாக இருக்கிறது. எங்களுக்கு ஹப்பிள் அடிவானத்துக்கு மேலேயே வராது. அது வடக்கே 28.5 டிகிரிக்கு மேல் போவதில்லை, நாங்கள் 51.5 டிகிரியில் இருக்கிறோம். தியாங்கோங்கும் தெற்கே மரங்களுக்கு மேல் தாழ்வாக எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருப்பவர்களுக்கு மூன்றும் தலைக்கு மேல் வருகின்றன.

எங்களுக்கு வேறொரு கொடுப்பினை உண்டு. ஜூன் மாதத்தில் நள்ளிரவில்கூடச் சூரியன் இங்கே அடிவானத்துக்கு 15 டிகிரிதான் கீழே போகும். விண்வெளி நிலையம் தலைக்கு மேல் நிழலில் விழ ஏறக்குறைய 20 டிகிரி வேண்டும். அதனால் இரவு முழுக்க அது வெயிலிலேயே இருக்கும், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை வந்துகொண்டே இருக்கும். ஒரே இரவில் நான்கு முறை பார்த்திருக்கிறேன். அதே ஜூனில் தஞ்சாவூரில் சூரியன் செங்குத்தாக இறங்கிவிடுவதால் உங்களுக்கு அந்தியில் ஒன்றரை மணி நேரம், விடியலில் ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான்.


வடமராட்சி | சனி, மாலை 4:18

நல்ல விளக்கம். எனக்கும் ஒரு சந்தேகம். சில காலத்துக்கு முன்னம் பருத்தித்துறைக் கடற்கரையில் நின்றபோது, ஒரு கோட்டில் கட்டின மாதிரி வரிசையாக வெளிச்சங்கள் போயின. முப்பதுக்கு மேல் எண்ணினேன், பிறகு எண்ண முடியவில்லை. ரயில் பெட்டி மாதிரி வடிவாகத் தெரிந்தது. மீன்பிடிக்கப் போகிற ஆட்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். கடலோரத்தில் இப்படி ஒன்றைக் கண்டால் எங்கள் சனத்துக்கு வேறு நினைவுகள் வரும். ஒரு அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். அது ஸ்டார்லிங்க் என்று பிறகு சொன்னார்கள். அதுதானா?


அடிவானம் | சனி, மாலை 6:40

அதுதான். இணையச் சேவைக்காக ஸ்பேஸ்எக்ஸ் அனுப்புபவை. முதல் 60 போனது 2019 மே மாதம். ஒரே ராக்கெட்டில் கொத்தாகப் போய், 300 கிலோமீட்டர் உயரத்துக்கு அருகில் விடப்படும். ஏவிய முதல் சில நாட்கள் ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கமாக நிற்கும், தாழ்வாகவும் இருக்கும், அதனால்தான் அந்த ரயில். அப்புறம் ஒவ்வொன்றாக 500 கிலோமீட்டர் சுமாருக்கு ஏறி, பிரிந்து, தங்கள் கோணத்தையும் மாற்றிக்கொள்ளும். அதன் பிறகு பெரும்பாலும் வெறும் கண்ணுக்கு எட்டாது, அல்லது எட்டியும் எட்டாமலும் இருக்கும்.

அந்த அம்மாவின் பயம் புரிகிறது. ரயில் வரும் நாளை முன்கூட்டியே கணிக்க முடியும், ஊரில் சொல்லி வைத்தால் நல்லது.


மாடிவானம் | சனி, இரவு 8:05

எனக்கு அந்த ரயிலைப் பார்க்கும்போது மனது கஷ்டப்படுகிறது. நான் ஏலகிரிக்குப் போய் நட்சத்திரப் படம் எடுப்பவன். இரவு முழுக்க விழித்து எடுத்த படங்களில் குறுக்கே குறுக்கே கோடுகள். முதலில் ஒன்றிரண்டு இருந்தது, இப்போது அந்தி நேரப் படங்களில் கோடு இல்லாத படத்தைத் தேட வேண்டியிருக்கிறது. வானம் யாருடைய சொத்தும் இல்லை என்றால், அதில் ஆயிரக்கணக்கில் கொண்டுபோய் நிறுத்த ஒரு கம்பெனிக்கு மட்டும் எப்படி உரிமை வந்தது?


களத்துமேடு | சனி, இரவு 8:30

உங்கள் வருத்தம் நியாயம்தான் அண்ணா. ஆனால் எங்கள் ஊரில் ஆன்லைன் வகுப்புக்காகப் பிள்ளைகள் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி சிக்னல் தேடியதை நான் பார்த்திருக்கிறேன். கேபிள் வராத இடத்துக்கு வானத்திலிருந்து இணையம் வரும் என்றால், வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.


அடிவானம் | சனி, இரவு 9:12

இரண்டு பேர் சொல்வதும் என் மனதில் இருக்கிறது. ஒரு விஷயத்தை மட்டும் சேர்க்கிறேன். நேற்றுக் களத்துமேடு பார்த்தாரே, அந்த ஹப்பிளுக்கே இந்தப் பாதிப்பு உண்டு. அது பல ஸ்டார்லிங்குகளுக்குக் கீழே சுற்றுவதால், அதன் படங்களிலும் கோடு விழுகிறது. 2002 முதல் 2021 வரை எடுத்த படங்களை ஆராய்ந்தபோது 2.7 சதவீதத்தில் செயற்கைக்கோள் கோடு இருந்தது என்று 2023இல் வெளியான ஆய்வு சொன்னது. அதில் கடைசி இரண்டரை வருடம் மட்டும்தான் ஸ்டார்லிங்க் காலம்.

வானியலாளர்கள் சும்மா இல்லை. அவர்கள் கேட்டதால்தான் 2020இல் ஸ்டார்லிங்குக்குக் கறுப்புப் பூச்சு பூசிப் பார்த்தார்கள், அப்புறம் வெயில் மறைக்கும் தட்டி வைத்துப் பார்த்தார்கள். பிரகாசம் குறைந்தது உண்மை. ஆனால் எண்ணிக்கை அதைவிட வேகமாக ஏறிவிட்டது. இன்னொரு கம்பெனியின் ப்ளூவாக்கர் 3 என்ற செயற்கைக்கோள் 2022இல் 64 சதுர மீட்டர் ஆன்டெனாவை விரித்தபோது வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரங்களோடு போட்டி போடும் அளவுக்கு எரிந்தது. அது ஒரு வீட்டு மனையில் கால்வாசி அளவு தகடு. பிரகாசத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்பது என் கட்சி. இணையம் வேண்டாம் என்று அர்த்தமில்லை.


வகுப்பறை | ஞாயிறு, காலை 10:20

அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை நான். 2025 ஜூலையில் நம் விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்தில் இருந்தாரே, அந்தச் சமயம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை மைதானத்துக்கு வரச் சொன்னேன். முதல் நாள் மேகம். பிள்ளைகள் முகம் வாடிப் போயிற்று. அடுத்த நாள் மேகத்துக்கு நடுவே ஒரு பெரிய இடைவெளி விழுந்தது, அதில் சரியாக ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத் தெரிந்தது. யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே எல்லாப் பிள்ளைகளும் கையாட்டினார்கள். "மிஸ், அவரு நம்மள பார்ப்பாரா" என்று ஒரு பெண் கேட்டாள். நம் முகம் தெரியாது, ஆனால் நம் ஊர் விளக்குகளும் கடற்கரைக் கோடும் தெரியும் என்றேன்.

இதில் நான் கற்றுக்கொண்ட இரண்டை மற்ற ஆசிரியர்களுக்காகச் சொல்கிறேன். வானத்தில் உயரத்தைக் கையால் அளக்கலாம். கையை நேராக நீட்டி முஷ்டி பிடித்தால், அது ஏறக்குறைய 10 டிகிரி. அடிவானத்திலிருந்து முஷ்டி மேல் முஷ்டியாக அடுக்கினால் ஒன்பதாவது முஷ்டியில் உச்சி வந்துவிடும். "40 டிகிரியில் தென்மேற்கு" என்று கணிப்பில் போட்டிருந்தால், நான்கு முஷ்டி என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். அடுத்தது, 40 டிகிரிக்கு மேல் ஏறும் நாளாகப் பார்த்துப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். தாழ்வாகப் போகும் நாளில் தென்னை மறைக்கும், புகை மறைக்கும், பிள்ளைகள் ஏமாந்து போவார்கள்.


பழையவானொலி | ஞாயிறு, பிற்பகல் 3:45

எனக்கும் வயதாகிவிட்டது, அதனால் பழைய கதை சொல்ல அனுமதி கொடுங்கள். 1979 ஜூலையில் ஸ்கைலாப் விழப்போகிறது என்று நாடே நடுங்கியது. நான் அப்போது புதுக்கோட்டையில் ஒன்பதாவது படித்தேன். 70 டன்னுக்கு மேல் எடையுள்ள ஆய்வுக்கூடம், எங்கே விழும் என்று அமெரிக்காவாலேயே சரியாகச் சொல்ல முடியவில்லை. எங்கள் தெருவில் ஜூலை 11 இரவு யாரும் வீட்டுக்குள் படுக்கவில்லை. பாட்டி எல்லோரையும் கோயில் திண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கடைசியில் இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் விழுந்தது. மறுநாள் ரேடியோவில் கேட்ட பிறகுதான் அம்மா உலை வைத்தாள்.

அந்தப் பயத்தில்தான் எனக்கு வானத்தைப் பார்க்கும் பழக்கமே வந்தது. இணையம் வந்த பிறகு, 2000களில், இரிடியம் ஒளிர்வுகளுக்குப் பைத்தியமாக அலைந்தேன். புதியவர்களுக்குத் தெரியாது. இரிடியம் தொலைபேசிச் செயற்கைக்கோள்களில் கதவு அளவுக்குக் கண்ணாடி போன்ற ஆன்டெனாக்கள் இருந்தன. அவை சூரியனை நம் ஊர்ப் பக்கம் திருப்பும் அந்தச் சில நொடிகளில், ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு வெளிச்சம் பூத்து, வெள்ளிக் கிரகத்தைவிடப் பல மடங்கு எரிந்து, அடங்கிவிடும். ஹெவன்ஸ்-அபவ் தளத்தில் நொடி சுத்தமாக நேரம் போட்டிருப்பார்கள். பத்து கிலோமீட்டர் தள்ளி நின்றால் பாதிதான் தெரியும், அதனால் சைக்கிளை எடுத்துக்கொண்டு சரியான இடத்துக்கு ஓடுவேன். 2017 முதல் 2019 வரை புதிய தலைமுறையை அனுப்பிவிட்டு, பழையவற்றில் பெரும்பாலானவற்றைக் கீழே இறக்கி எரித்துவிட்டார்கள். புதியவை அப்படி மின்னாது.

களத்துமேடு, உங்கள் அப்பா என்ன பார்த்தார் என்பதை யாரும் தொடவில்லையே. அதுதான் எனக்கு ஆவலாக இருக்கிறது. ஸ்புட்னிக்கைப் பார்த்தேன் என்று சொல்பவர்கள் உண்டு. 1957 அக்டோபர் 4இல் போன அந்த உருண்டை 58 சென்டிமீட்டர்தான். வெறும் கண்ணுக்கு எட்டுவதே கஷ்டம். உலகம் முழுக்க மக்கள் பார்த்தது அதோடு சுற்றிய ராக்கெட்டின் உடலை. அதுவா, வேறெதுவுமா? விவரம் கேட்டுச் சொல்லுங்கள்.


களத்துமேடு | இரண்டு வாரம் கழித்து, புதன், இரவு 8:02

தாமதத்துக்கு மன்னிக்கவும். அறுவடைக் கணக்கு முடிக்கும் வேலை.

இன்று விண்வெளி நிலையத்தை அப்பாவோடு பார்த்தேன்! திங்கட்கிழமையே பார்த்திருக்க வேண்டும், செயலியில் ஊர் மாறிக் கிடந்ததால் தவறிவிட்டது. இன்று ஊரைச் சரியாக வைத்துவிட்டு ஏழு மணிக்கே மாடிக்குப் போய்விட்டோம். 7:15க்குத் தென்மேற்கில், பக்கத்து வீட்டுப் பூவரச மரத்துக்கு மேலே, முதலில் மங்கலாகத் தெரிந்தது. ஏற ஏற வெளிச்சம் கூடியது. தலைக்கு மேல் வந்தபோது வியாழனைவிட அதிகம். மூலைக்கு மூலை குறுக்கே போனது, அடிவானம் ஐயா சொன்னபடியே. வடகிழக்கில் இரண்டு முஷ்டி உயரத்தில், இருந்த இடம் தெரியாமல் அணைந்தது. அப்பா எதுவும் பேசவில்லை. அப்புறம், "இது ரொம்ப வேகமாப் போகுது. நான் பார்த்தது இப்படி இல்லை" என்றார்.

பழையவானொலி ஐயா கேட்டதற்காக உட்கார்ந்து விவரமாகக் கேட்டேன். அப்பா 1953இல் பிறந்தவர். அப்போது அவருக்கு ஒன்பது, பத்து வயது. தை மாதம், சம்பா அறுவடை முடிந்து களத்தில் நெல் காவலுக்குத் தாத்தாவோடு படுத்திருக்கிறார். சாப்பிட்டுவிட்டுப் படுத்த பிறகு, எட்டு, எட்டரை இருக்கும் என்கிறார். பெரிய நட்சத்திரம் ஒன்று, மிகப் பிரகாசமாக, மெதுவாக நகர்ந்திருக்கிறது. தாத்தா வெற்றிலை மடித்துப் போட்டு, மென்று, எழுந்துபோய்த் துப்பிவிட்டு வரும்வரை வானத்திலேயே இருந்ததாம். தாத்தா அதைப் பார்த்துக் கும்பிட்டாராம். மறுநாள் பள்ளியில் சொன்னதற்கு வாத்தியார் பொய் சொல்லாதே என்று அடித்திருக்கிறார்.


அடிவானம் | புதன், இரவு 9:26

களத்துமேடு, இதைப் படித்துவிட்டு எழுந்து நடந்துவிட்டு வந்து எழுதுகிறேன். உங்கள் அப்பா பொய் சொல்லவில்லை.

1960 ஆகஸ்ட் 12இல் அமெரிக்கா எக்கோ 1 என்ற ஒன்றை அனுப்பியது. அது ஒரு பலூன். மெல்லிய பிளாஸ்டிக் தாளில் அலுமினியப் பூச்சு, விரிந்தால் 30 மீட்டர் விட்டம், அதாவது பத்து மாடிக் கட்டடம் அளவுக்கு ஒரு வெள்ளிப் பந்து. தரையிலிருந்து ரேடியோ அலையை அனுப்பினால், அதில் பட்டு வேறோர் ஊருக்கு எதிரொலிக்கும். அதற்காகத்தான் அந்தப் பெயர். அந்தக் காலத்தில் உலகத்தில் மிக அதிகம் பேர் வெறும் கண்ணால் பார்த்த செயற்கைப் பொருள்களில் அது ஒன்று. நம் ஆட்களும் அப்போது சும்மா இருக்கவில்லை. செயற்கைக்கோள்களைப் பின்தொடரும் பேக்கர்-நன் கேமரா ஒன்று நைனிடாலில் இருந்தது.

எக்கோ சுற்றியது சுமார் 1,600 கிலோமீட்டர் உயரத்தில். நிலையத்தைப்போல் நான்கு மடங்கு உயரம். அதனால் இரண்டு விஷயம் நடக்கும். ஒன்று, வானத்தைக் கடக்க இருபது நிமிடம்வரை எடுக்கும். வெற்றிலை கணக்கு சரி. இரண்டு, அவ்வளவு உயரத்தில் அஸ்தமனம் ஆகி இரண்டரை மணி நேரம்வரை தலைக்கு மேல் வெயில் நிற்கும். தை மாதம் எட்டரை மணி என்பதும் சரி. விண்வெளி நிலையத்தின் உயரத்தில் சுற்றும் எதுவும் அந்த நேரத்தில் நம் தலைக்கு மேல் தெரியாது.

ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. 1964 ஜனவரியில் எக்கோ 2 போனது, அது 41 மீட்டர். அப்பாவின் வயதுக் கணக்கு ஒரு வருடம் தப்பினாலும் அதுவாக இருக்கலாம். எக்கோ 1இன் சாய்வு 47 டிகிரி, நம் ஊரில் குறுக்காகத்தான் போகும். எக்கோ 2 துருவங்களை ஒட்டிச் சுற்றியது, வடக்கு தெற்காகப் போகும். அறுபது வருடத்துக்கு முந்தியது, நினைவிருக்குமா தெரியாது. எந்தப் பக்கமிருந்து வந்து எந்தப் பக்கம் போனது என்று அப்பாவிடம் கேட்க முடியுமா?


பழையவானொலி | புதன், இரவு 9:40

அந்த வாத்தியார் இப்போது இருந்தால் இதை அவரிடம் படித்துக் காட்ட வேண்டும்.


களத்துமேடு | வியாழன், மாலை 6:55

கேட்டேன். திசை பெயர் சொல்லத் தெரியவில்லை. "ஐயனார் கோயில் பக்கமிருந்து வந்துச்சு, மதகுப் பக்கம் போச்சு" என்றார். அவ்வளவு வருடம் ஆகியும் யோசிக்காமல் சொன்னார்.

இன்று சாயங்காலம் அவரை வண்டியில் உட்கார வைத்துப் பழைய களம் இருந்த இடத்துக்குப் போனோம். இப்போது அங்கே கருவேல மரமாக இருக்கிறது, ஆனால் கோயிலும் இருக்கிறது, வாய்க்கால் மதகும் இருக்கிறது. எங்கே படுத்திருந்தார் என்று காட்டினார். அங்கே நின்று போனில் திசைகாட்டி வைத்துப் பார்த்தேன். கோயில் தென்மேற்கு. மதகு வடகிழக்கு, கொஞ்சம் வடக்கே சாய்ந்து.


அடிவானம் | வியாழன், இரவு 7:20

எக்கோ 1.

1968 மே மாதம்வரை சுற்றிவிட்டு எரிந்துபோனது. அப்பாவிடம் சொல்லுங்கள்.


களத்துமேடு | வியாழன், இரவு 9:05

சொல்லிவிட்டேன். "பலூனா?" என்று இரண்டு முறை கேட்டார். அப்புறம் தாத்தா கும்பிட்டதை நினைத்துக் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தார். எக்கோவை ஊதி நிறுத்திய பழைய படம் ஒன்று போனில் கிடைத்தது. அடியில் ஆட்கள் எறும்பு மாதிரி நிற்கிறார்கள். அதை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நாளை 7:12க்கு ஹப்பிள் வருகிறது. ஆறரைக்கே பாயை மாடிக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார்.